திரையில் ஒன்றும் வரவில்லை

அண்ணன் வீட்டைவிட்டுப் போய் ஏழு வருஷம் ஆகியிருந்தபோது, வாக்காளர் பட்டியலைத் திருத்த வீடு வீடாக ஆள் வந்தது. "இவர் இங்கே இல்லையா? அப்போ பேரை எடுத்துடுவோம்" என்று வந்தவர் சொல்ல, அம்மா கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள். மூச்சிரைப்பு முற்றி, எழுந்து உட்காருவதே அவளுக்குப் பெரிய வேலையாக இருந்த நாட்கள் அவை.

அவர் போனதும் என்னைக் கூப்பிட்டாள். "ஏட்டி, இங்கன பேர எடுத்தா வேற எங்கனயாச்சும் சேத்திருப்பான்லா? நீ அந்தப் பொட்டிய வச்சுத் தேடிப் பாரு. கண்ண மூடுததுக்குள்ள ஒருதரம் அவனப் பாத்துருதேன்."

பொட்டி என்றது என் லேப்டாப்பை. சங்கரன்கோவில் வீட்டில் இருந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்குப் புரோகிராம் எழுதுகிறவள் நான். மலையாகக் குவிந்த எழுத்துக்குள் வேண்டியதைத் தேடிப் பிடிப்பதுதான் என் பிழைப்பே. எந்த மாதிரி எழுத்து வேண்டும் என்று ஒரு பேட்டர்ன் எழுதிக் கொடுத்தால் (இதை ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்பார்கள்) அது பொருந்தும் இடங்களையெல்லாம் புரோகிராம் பொறுக்கித் தரும். ஆகவே முடியாது என்று சொல்ல எனக்கு வாயில்லை. மனசுதான் வரவில்லை. அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு போனவன் அப்பா செத்ததற்கும் வரவில்லை. எல்லாவற்றையும் என் தலையில் கட்டிவிட்டுப் போனவனை நான் எதற்குத் தேட வேண்டும்?

தேடினேன். புளியங்குடி, சிவகிரி, குருவிகுளம் என்று சுற்றுவட்டாரப் பட்டியல்களை இறக்கி, படமாக இருந்த பக்கங்களை எழுத்தாக மாற்றவே நாலு நாள் பிடித்தது. அண்ணன் பெயர், அதற்கடுத்த வரியில் அப்பா பெயர், இதுதான் பேட்டர்ன். வழக்கம்போல, பொருத்தங்களை ஒவ்வொன்றாகத் தரும் இட்டரேட்டரை வைத்தேன். நாம் கேட்டால்தான் அது அடுத்ததைத் தேடும். கேட்காதவரை சும்மா இருக்கும். ஒருதடவை கடைசிவரை போய்விட்டால் அவ்வளவுதான், மறுபடி கேட்டால் கைவிரித்துவிடும். இது தெரியாமல் எழுதிய பிள்ளைகளை வேலையில் நான் வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறேன்.

எங்கள் டீமில் ஒரு பழக்கம். எதைத் தேடினாலும் முதலில் எத்தனை கிடைத்தது என்று எண்ணி லாக் ஃபைல் என்ற குறிப்பேட்டில் எழுதிவிட வேண்டும். கை பழகிப்போய் அந்த வரியையும் எழுதிவிட்டேன். எண்ணுவதற்காகவே புரோகிராம் கடைசிவரை போய் முடித்துவிட்டது. கிடைத்தவர்களைத் திரையில் காட்டு என்பது அதற்குப் பிந்தைய வரி. காட்ட எதுவும் மிச்சமில்லை. திரை காலியாக இருந்தது.

எங்கள் ஊரில் ஆண்பிள்ளைகளில் பாதிப்பேருக்குக் கோயில் சாமி பெயர்தான். அண்ணனுக்கும் அதுதான், அப்பாவுக்கும் அதே சாமியின் இன்னொரு பெயர். வேற்றாளாவது பத்துப் பேர் வந்திருக்க வேண்டும். ஒருத்தர்கூட வரவில்லை என்றால் பிழை என்னிடம்தான் என்று கத்துக்குட்டிக்கும் தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றவில்லை. லாக் ஃபைலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், இல்லை என்ற பதில் எனக்கு வசதியாக இருந்தது.

"இல்லம்மா" என்றேன்.

"எங்கனயும் இல்லையா?"

"எங்கனயும் இல்ல."

இங்கேயும் பெயரை எடுத்தாயிற்று, வேறெங்கும் இல்லை என்றால் அம்மாவுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். அப்பா பெயரும் அப்படித்தான் பட்டியலிலிருந்து போயிற்று. அவள் அழவில்லை. மறுநாள் பக்கத்து வீட்டு அக்காளைக் கூப்பிட்டு, அண்ணனின் கல்லூரி போட்டோவை அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டச் சொல்லி, பூ வாங்கிப் போட்டாள். நான் தடுக்கவில்லை. அதன்பிறகு மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள்ளவும் இல்லை. "இனி யாருக்காவ ஏட்டி?" என்பாள். இரண்டே மாதத்தில் போய்ச் சேர்ந்தாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம், லேப்டாப்பில் இடமில்லை என்று பழைய ஃபைல்களை அழிக்க உட்கார்ந்தேன். அந்த லாக் ஃபைல் கண்ணில் பட்டது. பொருத்தங்கள்: பதினான்கு. எண்ணும் வரியை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். ஒவ்வொருத்தராக வந்தார்கள். ஒன்பதாவது ஆளுக்கு அண்ணனின் வயது. ஊர் புளியங்குடி. பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட இல்லை.

பட்டியலில் இருந்த தெருவில் போய் விசாரித்தேன். எலுமிச்சை மார்க்கெட்டில் இருப்பான் என்றார்கள். மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தான். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் ஓடிவந்தான். அவனை வைவதற்கென்று இத்தனை வருஷமாகச் சேர்த்துவைத்திருந்ததில் ஒரு வார்த்தைகூட வாயில் வரவில்லை. அம்மா போனதைச் சொன்னேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"வரணும் வரணும்னுதான் இருந்தேன். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வர?" என்றான். பிறகு, "அம்மா என்னயத் தேடுனாளா?"

"தேடுனா அண்ணே. என்னையத்தான் தேடச் சொன்னா."

"நீ தேடலியா?"

"தேடுனேன். நீ இருந்த. நான்தான் இல்லைன்னு சொல்லிட்டேன்."