பதில் கொடுத்த கௌதாரி

முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவை வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். வாய்க்குப் பிடித்ததைக் கொடுங்கள் என்றார்கள். அந்தப் பேச்சுக்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும். நாலு நாளாகக் கஞ்சித் தண்ணீர் தவிர எதுவும் இறங்கவில்லை. 'நாக்கு செத்துப்போச்சு' என்று எங்கள் பக்கத்தில் சொல்வோமே, அதேதான். ஐந்தாம் நாள் அவராகவே, "கௌதாரி வறுவல்னா ரெண்டு வாய் எறங்கும்டா" என்றார்.

விடிந்ததும், வீட்டில் வளர்த்துப் பழக்கிய சேவல் கௌதாரியைக் கூண்டோடு தூக்கிக்கொண்டு மல்லாட்டைக் கொல்லைக்கு, வேர்க்கடலை போட்டிருந்த மேட்டு நிலத்துக்குப் போனேன். இது கத்தினால், தன் இடத்தில் எவன் வந்து கத்துகிறான் என்று காட்டுச் சேவல் சண்டைக்கு வரும். கூண்டைச் சுற்றி நட்டிருக்கும் கண்ணியில் காலை விடும்.

சுற்றிலும் பாதிக் கொல்லைகளில் மனைக்கல் நட்டாகிவிட்டது. ஆனாலும் எங்கள் பறவை கத்தியதும் முள்ளுப்புதர்ப் பக்கமிருந்து பதில் வந்தது. வரப்பு மறைவில் மூச்சை அடக்கி உட்கார்ந்தேன். இது கத்தும், அது கத்தும். வெயில் ஏறியது. அது ஓரடிகூட நெருங்கவில்லை. பொறுக்கமாட்டாமல் கூண்டைத் தூக்கிக்கொண்டு புதருக்குப் போனேன்.

அங்கே ஒரு ஆள் குந்தியிருந்தார். எதிரில் ஒரு கூண்டு. பக்கத்து ஊர்க்காரர், எனக்கு மாமன் முறை.

"இன்னா மாப்ள, நீயா? காலைலேந்து உன் கௌதாரிய நம்பி ஒண்ணுக்குக்கூட போவாம குந்திக்கினு கீறேன்."

"நானும் உன்னுத நம்பித்தான் மாமா."

"ரெண்டும் நல்லா பேசிக்கினு இருந்துச்சிங்க. நாமதான் நடுவுல பூந்து கெடுத்துட்டோம்."

சிரித்தோம். பீடியைப் பற்றவைத்துக்கொண்டு அவர் சொன்னார். "பத்து நாளா வந்துக்கினு கீறேன். இன்னிக்குத்தான் ஒரு சத்தம் கேட்டேன். அதுவும் உன்னுது."

வீட்டுக்குள் நுழையும்போதே அப்பா பாயிலிருந்து கேட்டார். "பதில் குடுத்துச்சா?"

முழு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "குடுத்துச்சுப்பா" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. "பதில் குடுத்த சேவல் எங்கயும் போவாது. நாளைக்கு வுழும்."

அம்மா கஞ்சியை நீட்டினாள். "வேணாம். வவுறு காலியா இருக்கட்டும்" என்று கிண்ணத்தைத் தள்ளினார். மறுநாளும் தள்ளினார். அதற்கு மறுநாளும். காலையில் நான் கூண்டைத் தூக்கும் சத்தத்துக்குக் கண்ணைத் திறந்து பார்ப்பார். நாலாம் நாள் திறக்கவில்லை. கூண்டைக் கீழே வைத்தேன்.