பின் சீட் இல்லாத கார்

சிட்னியில் ஒரு கோயில் வாசல். புதிதாக வாங்கிய காருக்குப் பூசை நடக்கிறது. என் நெஞ்சுயரம்கூட இல்லாத, மஞ்சள் நிற ஜப்பான் கார். ஐயர் பானெட்டைத் திறக்கச் சொல்கிறார். உள்ளே ஸ்டெப்னி டயர் மட்டும் கிடக்கிறது. குங்குமத்தோடு நீண்ட அவர் கை அப்படியே நிற்கிறது. நான் குனிந்து எட்டிப் பார்க்கிறேன்.

“ஆன்ட்டி, எஞ்சினையே காணோம்! ஏமாத்திட்டாங்களா?”

கார் வாங்கிய யாழ்ப்பாணத்து ஆன்ட்டி சிரிக்கிறார். “அது சீட்டுக்குப் பின்னால கிடக்குது, தம்பி.”

டயருக்கடியில் வைத்த எலுமிச்சம்பழங்கள் நசுங்கியதும், கோயிலை ஒரு சுற்றுச் சுற்றிவர மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் ஓடி வருகிறார்கள். இருப்பதோ இரண்டே இருக்கைகள்.

“அம்மா, நாங்கள் எதில ஏறுறது?” மகன் திகைத்து நிற்கிறான்.

“இவ்வளவு காலமும் உங்களை ஏத்தி இறக்கினது காணும், போதும்.”

பக்கத்து இருக்கையில் கைப்பையை வைத்துவிட்டு ஆன்ட்டி கதவைச் சாத்துகிறார்.