பொட்டுக்கு அடியில்

எங்கள் அத்தையின் பொட்டு வருஷத்துக்கு வருஷம் வளர்ந்துகொண்டே வந்தது. முதலில் கடுகளவு, பிறகு துவரம்பருப்பளவு, சித்தப்பாவின் கல்யாணம் நிச்சயமான சமயத்தில் எட்டணாக் காசளவு. தொண்ணூறுகளின் கிணத்துக்கடவில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டாத பெண்ணைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனாலும் அத்தையைப் பார்த்து, "சினிமாக்காரி தோத்துப்போவா போ" என்று கேலி பேசாதவர் கிடையாது. அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

அடியில் வெள்ளை இருப்பது எனக்கு மட்டும் தெரியும். குளித்துவிட்டு வந்து புதுப்பொட்டு ஒட்டுவதற்குள் பார்த்திருக்கிறேன். நெற்றி நடுவே தோல் பாலாடை போல வெளுத்திருக்கும். வெண்குஷ்டம் என்று யாராவது ஒருவர் வாயைத் திறந்தால் தீர்ந்தது. அவள் கையால் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். அந்தப் பயத்தில், வெள்ளை பெரிதாகப் பெரிதாக அவளும் பெரிய பொட்டாகப் பார்த்து வாங்கினாள்.

ஒருநாள் சேலை எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு கோயமுத்தூரில் ஒரு தோல் டாக்டரிடம் போனாள். டாக்டரம்மா நெற்றியைத் தடவிப் பார்த்தார்.

"நோயெல்லாம் ஒண்ணுமில்லைங்க. அந்த ஸ்டிக்கர் பசைதான் தோலை வெளுக்க வெக்குது. இனி ஒட்டவே கூடாது. ஒட்டுனா இன்னும் பரவும்."

அத்தை அழுதேவிட்டாள். எடை மெஷின் மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்த எனக்கு எல்லாம் காதில் விழுந்தது, மண்டையில்தான் ஏறவில்லை.

உக்கடத்தில் பஸ் ஏறுமுன், முன்னைவிடப் பெரிய பொட்டாக ஓர் அட்டை வாங்கினாள். எதற்கு என்று கேட்டேன்.

"இணைச்சீருக்கு நாந்தானே கண்ணு நிக்கோணும்? வெறும் நெத்தியோட நின்னா ஊரு சும்மா உடுமா? குங்குமம் வெச்சா வேர்வைல கரைஞ்சுபோகும். கல்யாணம் முடியட்டும்."

எனக்கும் ஒன்று வேண்டுமென்றேன். கண்டிப்பாக முடியாது என்றுவிட்டாள். சரியான கஞ்சப் பிசினாறி!

மாப்பிள்ளையோடு கூடப் பிறந்தவள் சேர்ந்திருந்து செய்வது இணைச்சீர். எங்கள் பக்கம் அது இல்லாமல் கல்யாணம் கிடையாது. சித்தப்பாவுக்கு அவள் ஒரே அக்கா. கல்யாணத்தன்று பட்டுச்சேலையில் அவர் பக்கத்தில் வந்து நின்றாள். வீடியோ லைட் முகத்துக்கு நேராக எரிந்தது. வியர்வை வழிந்து, பொட்டு நழுவித் தாம்பாளத்தில் விழுந்தது. அடியிலிருந்த வெள்ளை அந்த வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்தது.

கூட்டத்தில் குசுகுசுவென்று பேச்சு கிளம்பியது. பங்காளி வீட்டுப் பெரியம்மா ஒருத்தி, "ஏனுங்க, வேற அக்கா முறைக்காரி ஆராச்சும் நிக்கட்டுமுங்களே" என்றாள். எங்கள் ஊரில் கழுத்தை அறுத்தாலும் 'ங்க' போட்டுத்தான் அறுப்பார்கள். அத்தை நெற்றியைக் கையால் மூடிக்கொண்டாள். தம்பிக்குச் சீர் செய்ய அவள் எத்தனை ஆசைப்பட்டாள் என்பது எனக்கே தெரியும். பாவமாக இருந்தது.

அப்போதுதான் முன்வரிசையில் இருந்த என் நெற்றியை அவள் பார்த்தாள். காலையில் நான் அடம்பிடித்ததில், விஷயம் தெரியாத அம்மா அத்தையின் அட்டையிலிருந்தே ஒன்றை எனக்கு ஒட்டிவிட்டிருந்தாள். அத்தை என்னைப் பக்கத்தில் இழுத்தாள். பொட்டை வெடுக்கென்று உரித்துத் தன் நெற்றியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"எங்கக்காளே நிக்கட்டுமுங்க," என்றார் அதுவரை தலைகுனிந்திருந்த சித்தப்பா. வெள்ளை மறைந்து நெற்றி நிறைந்துவிட்டது, அவர்களுக்கு அது போதும். சீர் நல்லபடியாகத் தொடங்கியது.

ஆனால் அத்தை என் கையை விடவில்லை. முந்தானை நுனியைச் சொம்புத் தண்ணீரில் நனைத்து, என் நெற்றியில் மிச்சமிருந்த பசையைத் தேய்த்தாள். சீர் செய்துவைக்கிற பெரியவர் கூப்பிடக் கூப்பிடத் தேய்த்தாள். வலியில் வாய்விட்டு அழுதேன், அப்போதும் நிறுத்தவில்லை. வேண்டாமென்று சொன்னதை மீறிவிட்டேனாம், இத்தனை பேர் முன்னால் தண்டிக்கிறாளாம். அப்படித்தான் நினைத்தேன். அதற்குப் பிறகு ரொம்ப நாள் நான் அத்தையோடு பேசவே இல்லை.