ஓர் ஆப்பிள் வைன் கிளாஸுக்காக மனுகாவ் வரை

பிராங்க்ஃபர்ட்காரர் ஆப்பிள் வைன் குடிக்கிற கிளாஸ் ஆக்லாந்தில் எங்கே கிடைக்கும் என்று இரண்டு மூன்று பேர் கேட்டு எழுதியிருந்தீர்கள். 1996 ஜூலையில் ஒரு சனிக்கிழமை நானும் அதைத் தேடிப் போனேன். சந்தோஷமான பயணமல்ல, முதலே சொல்லிவிடுகிறேன்.

என் கணவர் இங்கே வருமுன் பிராங்க்ஃபர்ட்டில் ஓர் ஆப்பிள் வைன் கடையில் ஏழு வருடம் கிளாஸ் கழுவியவர். வரும்போது ஆறு கிளாஸ் கொண்டுவந்தார். தடித்த கண்ணாடி, வெளிப்புறம் முழுக்கச் சாய்சதுரமாகப் பட்டை வெட்டியிருக்கும். இறைச்சி சாப்பிட்ட எண்ணெய்க் கையால் பிடித்தாலும் வழுக்காது என்பது அவருடைய பெருமை. எனக்கோ அவை குடிகாரக் கிளாஸ். அவரைக் கேட்காமலே சேர்ச் பஜாருக்குக் கொடுத்துவிட்டேன். என் புத்தியை என்ன சொல்ல.

அடுத்த வருடம் அவருக்கு நரம்பு நோய் வந்து இரண்டு கையிலும் பிடி தளர்ந்தது. எதைக் கொடுத்தாலும் நழுவியது. ஆஸ்பத்திரியில் தந்த மூக்கு வைத்த கப்பால் ஊட்டப் போனால், "நான் என்ன குழந்தைப்பிள்ளையே?" என்று வாயை இறுக்கி மூடிக்கொள்வார். தண்ணீர் போகாவிட்டால் சிறுநீரகம் பழுதாகும் என்றார் டாக்டர். அந்தக் கிளாஸ் இருந்தால் தானே பிடித்துக் குடிப்பார் என்று நம்பினேன்.

பஜாரில் அவற்றை வாங்கியது மன்னார் ரெஜினா அக்கா என்று விசாரித்து அறிந்தேன். அவர் இருந்தது நகருக்குத் தெற்கே மனுகாவில். எங்கள் வீடிருந்த லின்ஃபீல்டில் காலை 8.10க்கு பஸ், நகருக்கு 45 நிமிடம். அங்கே 35 நிமிடம் குளிரில் நிற்கவேண்டும். மனுகாவ் பஸ் இன்னொரு மணித்தியாலம், பிறகு இருபது நிமிட நடை. போய்வர பதினொரு டொலர் இருபது சதம்.

"ஒண்டுதான் மிச்சம் பிள்ளை. மாதாவுக்கு அதுக்குள்ள மெழுகுதிரி ஏத்துறன்" என்றார் அக்கா. விஷயத்தைச் சொன்னேன். சுடரை ஊதி அணைத்தார். "கொண்டு போ. அவர் குடிக்கட்டும்."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கொண்டையில் இருந்த தலைக்குத்தியை எடுத்து கிளாஸில் ஒட்டியிருந்த மெழுகைச் சுரண்டினேன்.

இரண்டு மணிக்கு வீடு. "ஹி வோண்ட் டிரிங்க், மம்" என்றாள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்த மகள். கிளாஸைக் கழுவி அரைவாசி தண்ணீர் விட்டுக் கொடுத்தேன்.

"நான்தான் பஜாருக்குக் குடுத்தனான்" என்றேன்.

"ஓம், தெரியும்" என்றார்.

இரண்டு கையாலும் தூக்கினார். உதட்டுக்குக் கீழே நாடிவரை வந்தது. பிறகு நழுவி விழுந்து உடைந்தது. எண்ணெய்க் கையில் வழுக்காத கிளாஸ்தான், ஆனால் பிடிக்கிற கையில் கொஞ்சமாவது பலம் வேண்டும். அது எனக்கு உறைக்கவேயில்லை.

தேடிப் போகிறவர்கள் முதலே போன் பண்ணிவிட்டுப் போங்கள், சனிக்கிழமை பஸ் குறைவு. கிளாஸைத் துவாயில் சுற்றிக் கொண்டுவாருங்கள். யாருக்காகத் தேடுகிறீர்களோ, அவர் கையில் பலம் இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள்.

அன்று நான் கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி முடிக்கும்வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தக் கப்பைத் தாரும்" என்று வாயைத் திறந்தார். முழுவதையும் குடித்தார். அதற்குப் பிறகு அவர் எதற்குமே வேண்டாம் என்று சொல்லவில்லை.