பாய்மரத்தின் நடுவில்

நீக்கிலாப்பிள்ளை பன்னிரண்டு வயதில் மன்னார்த் தோணியொன்றில் பாய்மரம் ஏறியவர். இப்போது கனடாவில், மொன்றியலை அடுத்த புவாண்ட்-கிளேரில், களஞ்சியமொன்றில் பெட்டி அடுக்குகிறார்; கடலைப் பற்றிக் கதைப்பதில்லை.

2004 கோடையில், மொன்றியல் துறைமுகத்தில் நின்ற பயிற்சிப் பாய்க்கப்பலில், பயிற்சிக்குச் சேர்ந்திருந்த அவருடைய மகன் டனிஸ்ரன், கரையில் நின்ற அவர் கண்முன்னே, பாதி மரத்தில் உறைந்துபோனான். காற்று எழுந்தது. "இறங்கு, இறங்கு" என்று எல்லோரும் பிரெஞ்சில் கத்தினார்கள். பெடியன் கீழே பார்த்தான், மரத்தை இன்னும் இறுகக் கட்டிக்கொண்டான்.

விசர்ச் சனங்கள்! பயந்தவனைக் கீழே பார்க்கவைப்பதா? தோணியில் தலைவரான தண்டையல், அப்படி நிற்பவனுக்கு வேலைதான் கொடுப்பார்.

"டேய், மேலை பார்! ஏறி அந்தப் பாய்க்கயிற்றை அவிழடா!" என்று நீக்கிலாப்பிள்ளை கத்தினார்.

டனிஸ்ரன் ஏறினான், அவிழ்த்தான், பிறகு தானாகவே இறங்கி வந்தான்.

"சின்னனிலை ஏறேக்கை உங்களுக்குப் பயமில்லையா, அப்பா?"

"இண்டைக்குப் பயந்த அளவு இல்லையடா. அப்ப மேலை நிண்டது நான்தானே."