முழுப் பேர்

போன சனிக்கிழமை வாசல் கேட்டுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தேன். டர்பன்டைன் மணம் மூக்கில் ஏறினால் எனக்கு வேலை ஓடாது. அடித்ததைவிட மோந்ததுதான் அதிகம் என்று மனைவி சொல்லிக்காட்டினாள். அந்த நேரம் பார்த்துத்தான் பன்வில தோட்டத்திலிருந்து சவரியம்மாளின் மகன் ஆட்டோவில் வந்து இறங்கினார். அம்மா போய் ஒரு மாதமாம். கல்லறைச் சிலுவையில் பெயர் எழுத வேண்டும், உங்களிடம் ஒரு சீட்டு இருப்பதாக அம்மா சொல்வார் என்றார்.

அந்தச் சீட்டைப் பற்றிச் சொன்னால் என் முட்டாள்தனத்தையும் சொல்ல வேண்டிவரும். பரவாயில்லை, உங்களிடம் சொல்வதற்கு என்ன.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. குண்டசாலையில் ஓர் ஆங்கில ஓவியர் வாடகை வீட்டில் இருந்தார். கடிதம் டைப் அடிக்கவும் தமிழில் பேசவும் என்னைச் சேர்த்துக்கொண்டார். கண்டிப் பெரிய மனிதர்களின் முகங்களை வரைந்தது வயிற்றுப்பாட்டுக்கு. ஒரு வக்கீலின் மூக்கை மூன்று தடவை சின்னதாக்கிக் கொடுத்தார், பாவம். மனசுக்காக வரைந்தது சரித்திரப் படம். தோட்ட வேலைக்கென்று இந்தியாவிலிருந்து வந்து, மன்னார்க் கரையில் இறங்கி மலைநாட்டுக்கு நடந்தே வந்த கூட்டம், சுவர் அளவுக்கு. முன்னால் நடக்கிற பெண்ணின் முகத்துக்கு, அப்படி வந்தவர்களின் வம்சத்தில் பிறந்த ஒருத்தர்தான் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றார். பங்குச் சாமியார் சொல்லி, தேயிலைக் கொழுந்தெடுக்கும் சவரியம்மாள் வந்தார்.

ஓவியருக்குத் தெரிந்த தமிழ் "சும்மா இருங்க" மட்டும்தான். அந்த அம்மாவால் அது மட்டும்தான் முடியவில்லை. கதிரையில் உட்கார்ந்தால் முகம் அசையாது. விரல்கள் மடியில் கொழுந்து கிள்ளிக்கொண்டே இருக்கும்.

முதல் நாள் கிளம்பும்போது என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"முழுப் பேர் போடுவாரான்னு கேளுங்க தம்பி."

நான் கம்பளைக் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. தேயிலையைப் பெட்டியில் பார்த்ததோடு சரி. படத்தில் தன் முழுப் பெயரையும் எழுதச் சொல்கிறார் என்று அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். ஓவியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ராஜாக்கள், கவர்னர்கள் பெயரைத்தான் இதுவரை எழுதியிருக்கிறேன், எனக்கு ஏன் இது தோன்றவில்லை என்றார். கட்டாயம் போடுவேன் என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். அந்த அம்மா நிம்மதியாக பஸ் ஏறினார்.

நாலு சனிக்கிழமை வந்தார். நான் சீட்டில் எழுதிக் கொடுத்ததைப் பார்த்துப் பார்த்து, ஓவியர் படத்தின் கீழ் ஓரத்தில் 'அந்தோனி சவரியம்மாள்' என்று தமிழிலேயே எழுதினார். கடைசி நாள் பெருமையோடு காட்டினார். அந்த அம்மா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்போ பேர் போடலையா என்று கேட்டார்.

விஷயம் அப்போதுதான் விளங்கியது. தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் வேலை. கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர், சரியாக இருந்தால் முழுப் பேர். செக்ரோல் புத்தகத்தில் பதிவார்கள். ஓவியர் முழு நாளாகவே கணக்குப் பார்ப்பார் என்று நம்பித்தான் நாலு நாள் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகாமல் இங்கே வந்திருக்கிறார். நின்ற இடத்திலேயே குறுகிப்போனேன். ஓவியர் நாலு நாளுக்கும் தாராளமாகவே கொடுத்தார், மன்னிப்பும் கேட்டார். அந்த அம்மா கேட்காததை எழுதிவிட்டோமே என்று, பெயரை அழிக்கத் துணியை டர்பன்டைனில் நனைத்தார்.

சவரியம்மாள் கையை நீட்டித் தடுத்தார்.

"அழிக்க வேணாம்னு சொல்லுங்க தம்பி. செக்ரோல்ல செபமாலைன்னு இருக்கு. ஐடென்டிகார்டுல வேற என்னமோ இருக்கு. எங்கப்பா வச்ச பேரு இதுல மட்டுந்தான் சரியா இருக்கு."

அதை மட்டும் ஒரு சொல் விடாமல் சரியாக மொழிபெயர்த்தேன். ஓவியர் துணியைக் கீழே வைத்துவிட்டார். பெயர் எழுதிய சீட்டை நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

என் பிழையை இருவருமே பிழையாக வைத்துக்கொள்ளவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு நிறைகிறது. ஓவியர் ஊர் திரும்பி அங்கேயே கண்மூடினார். படமும் அவரோடு கப்பலேறியது. எந்தச் சுவரில் இருக்கிறதோ, யார் அந்தத் தமிழை வாசிப்பார்களோ. குண்டசாலை வீடு நின்ற இடத்தில் இப்போது டயர் கடை. இப்போது அந்த அம்மாவும் இல்லை.

அலுமாரியிலிருந்து சீட்டை எடுத்து வந்தேன். ஓரத்தில் ஓவியரின் பெருவிரல் ரேகை, நீல நிறத்தில். மகன் எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"அப்ப சிலுவையில முழுப் பேரும் போட்டுறலாங்களா?"

"முழுப் பேரே போடுங்க தம்பி" என்றேன். சீட்டையும் அவரிடமே கொடுத்தனுப்பினேன்.