பதினெட்டு அடி என்று எழுதியவர்

இந்தத் தலைநகரை ஆற்றங்கரையில் வைத்தவர் கோடையில் வந்தவர். வெள்ளை மணலும் முழங்கால் தண்ணீரும் நல்ல காற்றும் கண்டு, கொடியை நட்டுவிட்டுப் போனார். மழைக்காலத்தில் வந்து பார்க்க அவருக்கு ஆயுசு இருக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் தலைமைச் செயலகத்தை ஆற்றைப் பார்த்துக் கட்டினார்கள். அவர்களுக்கும் பின்னால் வந்தவர்கள் நாற்றம் தாங்காமல் அந்தப் பக்கத்து ஜன்னல்களை அடைத்தார்கள். பழைய வெள்ளங்களைப் பற்றிய கோப்புகள் தரைத்தளத்தில் இருந்தன. ஒரு வெள்ளம் வந்து அவற்றைக் கொண்டுபோனது. ஆகவே அரசாங்கக் கணக்கில் இந்த ஊருக்குள் வெள்ளமே வந்ததில்லை.

ஆற்றைப் பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்கியவர் ஊரில் ஒருவர்தான். பாலத்தின் மூன்றாவது தூணில் கறுப்பும் வெள்ளையுமாகத் தீட்டிய கோடுகளைப் பார்த்து, தண்ணீர் எத்தனை அடி என்று பதிவேட்டில் எழுதி, இன்ஜினியருக்குப் போனில் சொல்ல வேண்டும். இருபத்தாறு வருஷமாக அதே வேலை. தெருவில் அவரை ‘அடிக்காரர்’ என்றே கூப்பிட்டார்கள்.

இருபது அடியைத் தொட்டால் தாழ்வான தெருக்களைக் காலி செய்ய வேண்டும், செயலகக் கோப்புகளை மாடிக்குத் தூக்க வேண்டும் என்பது விதி. கோப்பு சுமக்க யாருக்குப் பிடிக்கும்? அதனால் பல வருஷம் ஆறு பத்தொன்பதரையிலேயே தயங்கி நின்றது, பதிவேட்டில். அரை அடி, ஒரு அடி குறைப்பது அடிக்காரருக்குப் பழகிய கைதான்.

அன்று காலை ஆறு மணிக்குத் தண்ணீர் இருபத்தோரு அடி.

“அண்ணே, நாளைக்கு ஆத்தங்கரைப் பூங்கா திறப்பு விழா. நாற்காலி போட்டாச்சு. பதினெட்டுன்னு எழுதிடுங்க” என்றார் இன்ஜினியர்.

எழுதினார். மூன்று அடி முழுசாக விழுங்கியது அதுதான் முதல் தடவை. எழுதிய கையோடு, தாழ்வான தெருவில் தனியாக இருந்த அக்கா வீட்டுக்கு ஓடினார். சாக்கடையில் தண்ணீர் எதிர்த்திசையில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் டிரங்குப் பெட்டியில் கை வைக்கவும், ஒலிபெருக்கி வண்டி தெருவுக்குள் வரவும் சரியாக இருந்தது. பதினெட்டு அடி, பொதுமக்கள் அஞ்சத் தேவையில்லை என்றது வண்டி.

“கேட்டியா?” என்றாள் அக்கா.

“அக்கா, அந்தப் பதினெட்ட எழுதினதே நான்தான். பொய்.”

“சர்க்கார் சம்பளம் வாங்கறவன் பொய் எழுதுவானா? சின்ன வயசுலேர்ந்தே நீ பயந்தாங்கொள்ளி. வண்டியில சொல்லட்டும், எழுந்திருக்கறேன்” என்று பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளைப் பெட்டியோடு தூக்க அவருக்குத் தெம்பில்லை. எதிர் வீட்டுக்காரர்களும் அவளைப் பார்த்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனார்கள்.

திரும்பவும் பாலத்துக்கு ஓடினார். எட்டரை மணிக்கு இருபத்தொன்றரை என்று உள்ளபடியே எழுதினார். இன்ஜினியரை விட்டுவிட்டு, நேராக வெள்ளக் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்தார். ஒரு மணி நேரத்தில் அதே வண்டி, அதே குரலில், எல்லோரும் உடனே வெளியேறுங்கள் என்றது. தெருவிலேயே முதல் ஆளாகப் புறப்பட்டவள் அக்கா.

“பாத்தியா, ஆபத்துன்னா அவங்களே சொல்லிட்டாங்க. நீ காலையில என்னமோ உளறினே” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். மத்தியானம் அந்தத் தெருவில் ஜன்னல் மட்டத்துக்குத் தண்ணீர் நின்றது. உள்ளே ஒரு ஆள் இல்லை. பூங்கா நாற்காலிகள் பாலத்துக்கு அடியில் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின.

நாலாம் நாள் மேலிடத்திலிருந்து ஓலை வந்தது. இரண்டரை மணி நேரத்தில் ஆறு மூன்றரை அடி உயர்ந்தது எப்படி என்று எழுத்துமூலம் விளக்க வேண்டுமாம். அடிக்காரர் தம் ஒற்றை அறை வீட்டில் காகிதத்தோடு உட்கார்ந்தார். ‘காலை ஆறு மணிப் பதிவு தவறு. எழுதியது நான்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கட்டிலில் படுத்திருந்த அக்கா எட்டிப் பார்த்தாள்.

“அசடே, இப்படியா எழுதுவாங்க? வேலைய விட்டே தூக்கிடுவாங்கடா. சர்க்கார் என்ன சொல்லிச்சோ அதத்தான் எழுதினேன்னு போடு.”

மூடிய பேனாவை அவர் மறுபடி திறந்து, ‘எழுதச் சொன்னவர் இன்ஜினியர்’ என்று கீழே சேர்த்தார்.